மாப்பிள்ளை வராத மரம்

மரவாடிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவளுக்கு 'சைரன்' என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் கிடையாது. முதுகுக்குப் பின்னால் பேச்சு வரத் தொடங்கிய குழந்தைகூடச் சொல்லும். அவளுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்தபோது அவள் குரல் அடுக்களையைத் தாண்டி வாசலுக்கு வந்ததில்லை. கடைக்குப் போனால் அவள் கேட்பது கடைக்காரருக்குப் புரியாமல், "கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லும்மா" என்பார். அந்தக் குரல் இப்படி ஆனதற்குக் காரணம் அவள் புருஷன். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் கையில் இருந்த ரம்பம்.

அவர் ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் பெரிய மரங்களை அறுக்கிறவர். பெட்ரோலில் ஓடும் ரம்பம் அது. ஒரு தடவை கிளப்பிவிட்டால் பக்கத்து மரத்திலிருக்கும் ஆள் வாயசைப்பதுதான் தெரியும், பேச்சு கேட்காது. காலை முதல் மாலை வரை அந்த இரைச்சலைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டே வாலிபம் முழுவதையும் கழித்தார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "பஞ்சு வைச்சா மரம் முறியுற சத்தம் கேக்காது. அப்புறம் ஆளே இருக்க மாட்டேன்" என்பார். அதுவும் நியாயம்தான்.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் சில்வண்டு கேட்காமல் போயிற்று. அப்புறம் பிரஷர் குக்கர் விசில். பிறகு மகள் சிரிப்பது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தவரை, கோபத்தில் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையைக் கண்டு, மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் காது டாக்டர் ஏதேதோ மாட்டிப் பார்த்துவிட்டு, "கீச்சுன்னு வர்ற சத்தம் எல்லாம் போயிடுச்சும்மா. கனமான சத்தம் கொஞ்சம் பாக்கி இருக்கு. லாரி வந்தா தெரியும். நீங்க பேசினா தெரியாது" என்றார்.

அன்றிலிருந்து அவள் கத்த ஆரம்பித்தாள். அடித்தொண்டையிலிருந்து இழுத்துக் கத்தினால் அவர் காதில் ஏதோ விழுந்தது. 'என்னங்க, குளிச்சாச்சா?' என்று இவள் கேட்டால் சந்தில் யார் யார் குளிக்கவில்லை என்று எல்லோரும் ஒருமுறை யோசித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் என்ன சமையல், மகளுக்கு எந்த இடத்தில் வரன் வந்தது, அவருக்கு வயிறு சரியில்லாதது எல்லாம் ஊர்ப் பொதுச் சொத்து. புருஷன் பெண்டாட்டி தனியாகப் பேசிக்கொள்ள ஒன்றுமே மிச்சமில்லை. மகள் கல்யாணமாகி வேற்றூர் போன பிறகு அது இன்னும் மோசமாயிற்று. அவசியமானதை மட்டும் கத்துவாள். மற்றதைச் சொல்லாமலே விட்டுவிடுவாள். மழை வருது என்பதைக் கத்தலாம். மனசு என்னவோ போல இருக்கு என்பதை எப்படிக் கத்துவது?

காட்டில் வெட்டுவதற்குத் தோதான மரம் தீர்ந்துபோக, மரவாடியை மூடினார்கள். மிச்சமிருந்த காட்டைப் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்துப் பலகை நட்டார்கள். ரம்பக்காரர் வீட்டோடு ஆனார். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் போட்டு, ஓடாதபடி மாட்டினார். மேசைக்காலை அறுத்துச் சமப்படுத்தப் போய் மேசை முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. "இந்த மனுஷனுக்கு ஏதாவது வேலை கொடுங்களேன்" என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் சொன்னால் பார்க்காதவர்களுக்கும் கேட்கும். அப்படித்தான் பறவை ஆய்வாளர் பெண் ஒருத்தி ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள்.

முப்பது வயதிருக்கும். சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். அக்கரைக் காட்டில் இருவாச்சிப் பறவைகளைப் பாதுகாக்கிற வேலை அவளுக்கு. மர நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். இருவாச்சிக்கு மரத்தில் தானே பொந்து குடையத் தெரியாது. கிழட்டுப் பெருமரத்தில் தானாக உண்டான பொந்துதான் வேண்டும். அப்படிப்பட்ட மரமெல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டதால், ஒரு பொந்துக்கு இரண்டு மூன்று ஜோடி அடித்துக்கொள்கின்றன. கூடு இருக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் காவலுக்கு ஆள் வேண்டும். காட்டில் வழி தெரிந்த ஆள்.

"அண்ணா, உங்களுக்கு இதுல விருப்பமா?" என்று கேட்டாள்.

ரம்பக்காரர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார்.

"பறவைக்குக் காவல் இருக்கணுமாம்! மரத்தை வெட்டக் கூடாதாம்! பாத்துக்கணுமாம்!" என்று அவள் கத்தினாள். ஆய்வாளர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் தலையாட்டினார். ஆய்வாளருக்கோ யோசனை. காது கேட்காத ஆள் காட்டில் தனியாக இருந்தால் ஆபத்து. கிளை முறிந்தாலும் கேட்காது, யாராவது வெட்ட வந்தாலும் கேட்காது. சட்டையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நீங்களும் கூட வர்றீங்களா? ரெண்டு பேருக்கும் வேலை போட்டுத் தர்றேன். ஆனா ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள்.

"என்ன கண்டிஷன்?"

"மரம் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல வாயே திறக்கக் கூடாது."

சந்தில் அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் பாக்கியில்லை. சைரனைப் பேசாமல் இருக்கச் சொல்லிச் சம்பளமும் தருகிறார்களாமே, அந்தச் சம்பளத்தில் பாதியைச் சந்துக்கும் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர்.

காடு அவளுக்குப் புதிது. இத்தனை வருஷம் அந்தக் காட்டில் சம்பாதித்ததைத்தான் சாப்பிட்டிருக்கிறாள், ஆனால் படகேறி அக்கரை போனதில்லை. உள்ளே போனதும் வெளிச்சம் பச்சையாகக் கலங்கியது. தரையெல்லாம் ஊறிய இலை, காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. வியர்வை காயவே காயாது. அட்டைகள் செருப்பு இடுக்கில் ஏறி, எழுந்து நின்று ஆளைத் தேடின. முதல் அட்டையைப் பார்த்து அவள் வாயைத் திறந்தபோது, அவர் சட்டென்று உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படி அவசரமாகக் கிட்டே வந்ததில்லை.

கூட்டு மரம் ஒரு சின்ன ஓடைக்கு மேல் நின்றது. அடிமரத்தை ஐந்தாறு பேர் கை கோத்தாலும் வளைக்க முடியாது. உயரத்தில், கிளை முறிந்து விழுந்த வடுவில் பொந்து. ஓடைக்கு இந்தப் பக்கம் ஓலை மறைப்பு. அதற்குப் பின்னால் இரண்டு பலகை. அதில் உட்கார்ந்து பொந்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பேச வாயெடுப்பாள், உடனே தன் கையாலேயே பொத்திக்கொள்வாள். இரண்டாம் நாள் விரலை நீட்டி ஒரு அணிலைக் காட்டினாள். அவர் தலையாட்டினார். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். இப்படியே போகப் போக இருவருக்கும் நடுவே ஒரு பாஷை உண்டாயிற்று. மூக்கைத் தொட்டால் எதிர்வீட்டுக்காரர். இரண்டு விரலால் காதைக் கிள்ளினால் மகள். நெஞ்சில் கை வைத்து மெதுவாகத் தட்டினால், மனசு என்னவோ போல இருக்கு. அதை முதலில் தட்டிக் காட்டியது அவர்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்த மனிதர் அவளிடம் பேசினார்.

அதற்கெல்லாம் முன்பே, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவள் ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் சட்டென்று தலையைத் தூக்கினார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கை வானத்தைக் காட்டியது. அதன் பிறகுதான் அவள் காதிலும் விழுந்தது. தூரத்தில் ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம். அது நெருங்க நெருங்கக் காற்றையே வெட்டிக்கொண்டு வருவது போலிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய பறவை, மஞ்சள் அலகின் மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி தலையோடு வந்து மரத்தில் தொற்றியது.

அவள் பறவையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். அவர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். இறக்கை அடிக்கிற அந்தக் கனத்த சத்தம் அவர் காதில் விழுகிறது. டாக்டர் சொன்ன பாக்கி இதுதான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

ஆய்வாளர் சொல்லித்தான் கூட்டின் விவரம் அவளுக்குத் தெரிந்தது. பொந்துக்குள்ளே பெண் பறவை. முட்டையிடுவதற்கு முன்பே உள்ளே போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்துத் தானே வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்றளவு சந்து மட்டும் விட்டு வைக்கும். பறக்கிற இறகையெல்லாம் உள்ளேயே உதிர்த்துவிடும். அப்புறம் அதற்கும் குஞ்சுக்கும் சோறு போடுவது ஆண் ஒன்றுதான். தொண்டைக்குள் காட்டு அத்திப்பழங்களை அடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, கீற்று வழியாக ஊட்டும்.

"வீட்டுக்கு ஒழுங்கா சாமான் வாங்கிட்டு வர்ற ஒரே ஆம்பள" என்று அவள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். உள்ளே இருப்பதை 'அவ' என்று மட்டும் சொல்வாள். மாலையில் சந்துக்குத் திரும்பியதும் பகலெல்லாம் சேர்த்து வைத்ததைக் கொட்டுவாள். மாப்பிள்ளை இன்று பல்லி பிடித்து வந்தார், அவ அதை வேண்டாம் என்று வெளியே தள்ளிவிட்டாள், மாப்பிள்ளை முகம் தொங்கிப்போயிற்று என்று. அந்தச் சந்துக்கே அந்தக் கூடு ஒரு சொந்தக்கார வீடாயிற்று.

உள்ளிருந்து குஞ்சின் கீச்சுக் குரல் கேட்க ஆரம்பித்திருந்த சமயம் அது. அந்தக் குரல் அவருக்குக் கேட்காது. அவள் விரல்களைக் குவித்து வாய் மாதிரித் திறந்து மூடிக் காட்டுவாள். ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை வரவில்லை. உச்சியானது, வரவில்லை. சாயந்தரம் அவ கீற்று வழியாக அலகின் நுனியை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கினார், தாழ்த்திக்கொண்டார். மறுநாள் காலையும் அப்படியே போயிற்று.

மாப்பிள்ளை எப்போதும் ஆற்றுப் பக்கமிருந்துதான் வருவார். ஆற்றுக்கு இக்கரையில் இருப்பது அவளுடைய அண்ணனின் பழத்தோட்டம். ரம்பக்காரரை மரத்தடியில் விட்டுவிட்டு, எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று அவள் படகேறித் தோட்டத்துக்கு ஓடினாள். அண்ணன் ஷெட்டில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, "அண்ணே, மாப்பிள்ளை நேத்துலேர்ந்து வீட்டுக்கு வரல. இந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்றாள்.

அண்ணனுக்குக் கை நின்றது. "மாப்பிள்ளையா? என்ன பாப்பா சொல்ற? ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்ல. சாப்பாடு எடுத்துட்டு வர்றேன்னு போனவருதான். அவ உள்ள பட்டினி கிடக்குறா."

"எவ?" அண்ணன் எழுந்தே விட்டார். "இந்த வயசுலயா? அந்த மனுஷன் எறும்புக்குக்கூடத் துரோகம் பண்ண மாட்டாரேம்மா!"

வேறு நேரமாயிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். "ஐயோ, என் வீட்டுக்காரர் இல்லண்ணே. பறவை!" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள், தோட்டத்தைப் பார்த்தாள். பழ மரங்களின் மேல் மெல்லிய நைலான் வலை போர்த்தியிருந்தது. வௌவாலுக்காக அந்த வருஷம் புதிதாகப் போட்டது. கடைக்கோடி மரத்தில் வலை ஒரு பக்கமாகத் தொய்ந்து கிடந்தது. அந்தத் தொய்வில் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தது.

இறக்கையை விரித்தபடியே சுருண்டிருந்தது. அலகில் வலை நூல் பலமுறை சுற்றியிருந்தது. அவிழ்த்துக்கொள்ள அது என்ன பாடுபட்டது என்பது கிழிந்த இலைகளைப் பார்த்தாலே தெரிந்தது. தொண்டை இன்னும் புடைத்திருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள். உள்ளே அத்திப்பழங்கள் உருண்டன.

அன்று அந்தத் தோட்டத்தில் அவள் போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டது என்பார்கள். பழம் பறிக்கிறவர்கள் ஏணியை விட்டு இறங்கிவிட்டார்கள். அண்ணனும் விடவில்லை. "நான் வேணும்னேவா கொன்னேன்? பழத்தைப் பூரா வௌவால் தின்னுட்டுப் போனா என் புள்ளைங்க என்னத்தைத் திங்கும்? ஒரு பறவைக்காகக் கூடப் பொறந்தவனைக் கொலைகாரன்ங்குற!" என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பறவையை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். நினைத்ததைவிட அது கனமாக இருந்தது.

ரம்பக்காரர் தூரத்தில் அவளைப் பார்த்ததுமே எழுந்தார். கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு ஓலை மறைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த ஓடைக்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். புதைக்கும்போதும் மேலே குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. அவளுக்குத்தான் கேட்டது.

தகவல் போய் ஆய்வாளர் வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. இப்படி ஆனால் பெரும்பாலும் கூடு அழிந்துவிடும் என்றாள். தாய்க்கு இன்னும் இறகு முளைத்திருக்காது. உடைத்துக்கொண்டு வெளியே வந்தாலும் பறக்க முடியாது. யாருக்கோ போன் போட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் அவளுடைய மேலதிகாரி. காட்டில் நடப்பதில் மனிதன் தலையிடாமல் இருப்பதுதான் நல்லது என்று அவர் சொல்வது போனுக்கு வெளியேயும் கேட்டது. "வலை மனுஷன் போட்டதுதானே சார்" என்றாள் ஆய்வாளர். அப்படியானால் ஜாக்கிரதையாகச் செய்யுங்கள் என்றார் அவர்.

கூட்டு மரத்திலேயே ஏறினால் அவ மிரண்டுவிடுவாள். பக்கத்து மரத்தில் ஏறி, நீள மூங்கில் கழியின் நுனியில் பழத்தைச் செருகி நீட்டுவது என்று முடிவாயிற்று. ஏறுவது ரம்பக்காரர். அறுக்கிற காலத்தில் உச்சிக்கிளை கழிக்க ஏறிப் பழகியவர்தான், ஆனால் அது ரொம்ப காலத்துக்கு முன்னால். ஆய்வாளர் இடுப்பு வாரும் கயிறும் மாட்டிவிட்டு, கீழிருந்து பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே போனவருக்குச் சேதி சொல்ல வழியில்லை. கத்தவும் கூடாது, கத்தினாலும் கேட்காது. அதனால் சின்னக் கயிறு ஒன்றை அவர் கணுக்காலில் கட்டி, மறுமுனையை அவர் பெண்டாட்டி தன் கையில் சுற்றிக்கொண்டாள். ஒரு இழுப்பு என்றால் நில்லு. இரண்டு என்றால் இறங்கு. அவர் ஏற ஏற, அந்தக் கயிற்றின் வழியே அவர் கால் நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது. இரண்டு தடவை இழுத்துவிடலாமா என்று விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் பழம் கீற்றுக்கு முன்னால் போய் ஆடியது. உள்ளே சத்தமே இல்லை. திடீரென்று அலகு வெளியே வந்து பழத்தை ஒரு தட்டுத் தட்டியது. பழம் ஓடையில் விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். கொண்டுவந்தது முழுவதையும் அவ தள்ளிவிட்டாள். மறுநாள் காலையிலும் அதே கதை. குஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டு வந்தது. இதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. விரலைக் குவித்து, மெதுவாக, ஒரே ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டார்.

அன்று மத்தியானம் மறுபடி ஏறியவர், பழத்தை நீட்டுவதற்கு முன்னால் கழி நுனியால் கூட்டு மரத்தின் பட்டையை டொக், டொக் என்று தட்டினார். மாப்பிள்ளை வந்து தொற்றும்போது அலகு மரத்தில் இடிக்கும். காதில் விழாவிட்டாலும் அதை அவர் இத்தனை நாள் கண்ணால் கவனித்து வைத்திருக்கிறார். தட்டிவிட்டுப் பழத்தைக் கீற்றோடு ஒட்டிப் பிடித்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. கழி பாரத்தில் வளைந்து ஆடியது. அப்புறம் அலகின் நுனி வந்தது. பழத்தைத் தொட்டது. தயங்கியது. எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

ஆய்வாளர் கயிற்றைப் பிடித்த கையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ரம்பக்காரர் பெண்டாட்டி என்ன செய்வது என்று தெரியாமல் கையிலிருந்த கணுக்கால் கயிற்றை இழு இழு என்று இழுக்க, மேலே அவர் ஒன்றும் புரியாமல் கீழே பார்த்து முறைத்தார்.

அதன் பிறகு அதுவே பிழைப்பாயிற்று. விடிந்ததும் அத்திப்பழம் பொறுக்கப் போவாள். அத்தி மரமும் எல்லா நாளும் பழுப்பதில்லை, ஒரு மரம் ஓய்ந்தால் அடுத்ததைத் தேடி எங்கெங்கோ நடக்க வேண்டும். குஞ்சுக்குக் கொஞ்சம் இறைச்சியும் வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னதால் வெட்டுக்கிளி பிடித்தாள். காலையும் மாலையும் அவர் ஏறினார். முட்டி வீங்கியது. இரவில் எண்ணெய் தடவிவிட்டால், "உன் வீட்டு மாப்பிள்ளைக்கு இந்த வேலைதான் பாக்கி" என்று முனகுவார். அடை மழையில் ஆய்வாளரே ஏறினாள். சில நாள் அவ வாங்க மாட்டாள். அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

அண்ணனோடு பேச்சு அறுந்திருந்தது. ஒரு காலை படகுத்துறையில் அவள் படகுக்காகக் காத்திருந்தபோது, அவர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் கூடை. கூடை நிறையப் பழம். தோல் உரித்து, கொட்டை எடுத்திருந்தது.

முகத்தைப் பார்க்காமல், "உள்ள இருக்குறது இதைத் திங்குமா?" என்று கேட்டார்.

"தெரியல. குடுத்துப் பாக்கலாம்."

"வலையைக் கழட்டிட்டேன்." கூடையின் கயிற்றை அவிழ்த்தார். "கொத்து கொத்தா துணிப்பை கட்டணுமாம், ஆய்வுக்காரப் பொண்ணு சொல்லுச்சு. ஆயிரம் பை தைக்கணும். உங்க அண்ணி ராத்திரி பகலா திட்டிக்கிட்டே தைக்குறா."

"என்னையா திட்டுறாங்க?"

"உன்னை, என்னை, பறவையை. எல்லாரையும்தான்."

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். அவ அந்தப் பழத்தைத் தின்றாள். அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். மற்றத் தோட்டக்காரர்கள் எல்லோரும் வலையைக் கழற்றிவிடவில்லை. சிலர் கழற்றினார்கள். சிலர், உன் அண்ணனுக்கு வேறு வேலையில்லை என்றார்கள். அவள் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் வருவது தூரத்திலேயே கேட்டுவிடுவதால் சிலர் வீட்டில் இல்லாமல் போய்விடுவார்கள்.

ஒரு நாள் காலை பொந்து வாசலில் மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவ உள்ளிருந்து கொத்தி உடைத்துக்கொண்டிருந்தாள். பாதி நாள் உடைத்தாள். முதலில் தலை, பிறகு கசங்கிய உடம்பு, அழுக்கேறிய வால். வெளியே வந்து, புது இறகை விரித்து, பக்கத்துக் கிளைக்குப் பறப்பதற்குப் பதிலாக ஏறக்குறைய விழுந்தாள். பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளாக மடங்கியே கிடந்த உடம்பை நீட்டி, வெயிலில் அப்படியே இருந்தாள். உள்ளே குஞ்சு எச்சத்தைக் குழைத்து வாசலை மறுபடி அடைக்கத் தொடங்கியது. அது வெளியே வர இன்னும் காலம் ஆகவில்லை. அதற்கு அப்புறம் சோறு போட்டதெல்லாம் தாய்தான். ஒண்டியாக, மாப்பிள்ளையின் வேலையையும் சேர்த்து. சில நாட்கள் கழியிலும் கொஞ்சம் ஊட்டினார்கள். பிறகு தேவைப்படவில்லை.

குஞ்சு வெளியே வந்ததை அவள் பார்க்கவில்லை. அந்த வாரம் அவளுக்குக் கடும் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கே அவர் வீட்டுக்கு ஓடி வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலருகே நின்று, விரல்களைக் குவித்துத் திறந்து மூடினார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். காய்ச்சல் கண்ணில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பொறுமை போய்,

"வந்துருச்சு! குஞ்சு வந்துருச்சு! பறந்துருச்சு!" என்று கத்தினார். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவருக்குத் தெரியாது. சந்து முழுக்கக் கதவு திறந்தது. "யாருக்குக் குழந்தை? உங்க மகளுக்கா?" என்று கேட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் உள்ளேயே வந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்த அவளுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. பார்க்காமல் போயிற்றே என்ற ஆற்றாமையும் இருந்தது. பிறகு அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் சொன்னார். குஞ்சு எப்படித் தலையை நீட்டியது, எப்படிப் பயந்தது, தாய் எதிர் மரத்தில் பழத்தை வைத்துக்கொண்டு எப்படி ஆசை காட்டியது என்று. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் ஒரு தடவைகூட இடைமறிக்கவில்லை.

உடம்பு தேறிப் போய்ப் பார்த்தபோது பொந்து வெறுமையாக இருந்தது. ஓடைக்கரையில் புதைத்த இடத்தில் பெயர் தெரியாத ஏதோ செடி முளைத்திருந்தது.

அடுத்த பருவத்தில் அதே பொந்துக்கு ஒரு ஜோடி வந்தது. பெண் பறவை அவதான் என்கிறார் அவர். பழம் நீட்டும்போது அவர் கிட்டத்தில் பார்த்த மாதிரியே அலகு ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருக்கிறதாம். அவள் இல்லை என்கிறாள். அவ இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டாள் என்பது அவள் வாதம். ஆய்வாளரைக் கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது அக்கா என்கிறாள். மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து புருஷனும் பெண்டாட்டியும் இதைப் பற்றிக் கை வலிக்கச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.